மதிலுக்குள் ஓர் உள்ளாட்சி

சென்னையின் அண்ணா நகரும் ஒரு காலத்தில் புறநகர்தான். 1968இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தை ஒட்டி, தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்பு அது. அகலமான அவென்யூக்கள், ரவுண்டானா, பூங்கா, பள்ளிக்கும் கடைகளுக்கும் முன்கூட்டியே ஒதுக்கிய இடங்கள் என்று அன்றைக்குப் புதிதாகத் தெரிந்தவை எல்லாம் அங்கே இருந்தன. அங்கே ஒதுக்கீடு பெற்றவர் தன் வீட்டுக்கு மட்டும்தான் பணம் கட்டினார். தெரு மாநகராட்சியுடையது. 1978இல் குடிநீர் வாரியம் அமைந்த பிறகு தண்ணீரும் சாக்கடையும் அதன் பொறுப்பு. குழாய் உடைந்தால் எந்த அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்று பழைய மாமல்லபுரம் சாலையிலும் (ஓ.எம்.ஆர்.), ஜி.எஸ்.டி. சாலையிலும், படப்பை, ஒரகடம் பக்கமும் ‘திட்டமிட்ட குடியிருப்பு’ என்று விற்கப்படுவது முற்றிலும் வேறு வகை. உள்ளே இருக்கும் சாலை, தெருவிளக்கு, ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், காவல், பூங்கா, நீச்சல் குளம் அனைத்தும் வீடு வாங்கியவர்களின் கூட்டுச் சொத்து. ஆகவே கூட்டுச் செலவு, கூட்டுச் சண்டை. பத்திரம் பதியும் நாளில் நாம் ஒரு வீட்டுக்கு உரிமையாளர் ஆவதோடு ஒரு சிறு நகராட்சிக்கும் பங்காளி ஆகிறோம். அந்த நகராட்சிக்கு அரசு மானியம் கிடையாது. கஜானா நம் மாதச் சந்தாதான்.

வாங்கலாமா, வேண்டாமா என்று தவிக்கும் குடும்பங்கள் வீட்டைத்தான் பார்க்கின்றன. டைல்ஸ் எந்த கம்பெனி, சமையலறை எந்த மூலையில், பால்கனிக்குக் காலை வெயில் வருமா என்று துருவித் துருவிக் கேட்கின்றன. பார்க்க வேண்டியது அந்த நகராட்சியை. அது தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறது, கழிவை எங்கே விடுகிறது, இருபதாவது ஆண்டில் அதை யார் நடத்துவார்கள்? இதற்குப் பதில் கிடைக்காத இடத்தில் எவ்வளவு அழகான வீட்டையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்படிச் சொல்வதால், அங்கே போகிறவர்களை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் போவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நம் புறநகர்த் தெருக்களில் நடைபாதை இல்லை. குழந்தையை வாசலில் விளையாட விட்டால் தண்ணீர் லாரி உரசிக்கொண்டு போகிறது. மழைநீர் வடிகாலில் சாக்கடை ஓடுகிறது. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியாகக் காலாற நடந்துவிட்டு வரக்கூடிய தெரு, வாசல்படி ஏறத் தடுமாறும் முதியவர் சாயங்காலம் நாலு பேரோடு உட்கார்ந்து பேசக்கூடிய மரத்தடி, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கூட்டாளிகள்: இவை ஆடம்பரம் அல்ல. ஒவ்வொரு ஊரும் தன் மக்களுக்குத் தந்திருக்க வேண்டியவை. ஊர் தராததால் மதிலுக்குள் போய் விலை கொடுத்து வாங்குகிறோம்.

விலை கொடுத்த பிறகு அது நிலைக்குமா என்பதற்குத் தண்ணீர்தான் முதல் சோதனை. பெரிய குடியிருப்பு ஒன்றில் 1,000 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுவோர் பின்பற்றும் அளவு. மொத்தம் 5,40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினம் 45 லாரிகள். பாதியை ஆழ்துளைக் கிணறு கொடுத்தாலும் இருபதுக்கு மேற்பட்ட லாரிகள் தினமும் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாக வேண்டும். அந்த லாரி எங்கிருந்து வருகிறது? பக்கத்துக் கிராமத்தின் விவசாயக் கிணற்றிலிருந்து. சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலத்தடி நீரை எடுப்பதற்கும் லாரியில் ஏற்றிச் செல்வதற்கும் உரிமம் வேண்டும் என்று 1987இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கோடை வந்தால் கிணற்றுக்குச் சொந்தக்காரர் ஒரு பக்கம், தண்ணீர் வற்றிப்போன ஊர்மக்கள் மறுபக்கம் என்று சாலை மறியல் வரை போகிறது. 2019 கோடையில் ஓ.எம்.ஆரில் ஐ.டி. நிறுவனங்கள் சில, தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை மறந்திருக்க மாட்டோம். அந்த ஊழியர்கள் திரும்பிப் போன வீடுகளிலும் அதே லாரிக்குத்தான் காத்திருந்தார்கள்.

இங்கே ஓர் எல்லைக்கோட்டைக் கவனிக்க வேண்டும். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, ஓ.எம்.ஆரில் செம்மஞ்சேரி வரை உள்ளே வந்தது. அதைத் தாண்டியிருக்கும் நாவலூர் வெளியே நின்றது. சாலையில் போகிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரு பக்கமும் ஒரே மாதிரி அடுக்குமாடிகள். கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்குக் குடிநீர் வாரியத்தின் குழாய் என்றைக்காவது வரும் என்ற நம்பிக்கையாவது இருக்கிறது. வெளியே இருப்பவருக்கு ஊராட்சிதான் கதி. உள்ளே சேர்ந்த பகுதிகளிலேயே பாதாளச் சாக்கடைப் பணி பத்து ஆண்டுகள் தாண்டியும் பல இடங்களில் முடியவில்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக அறிவிக்கப்பட்டபோது, ‘இனி இதுவும் சென்னைதான்’ என்று மனை விற்பவர்கள் பேசத் தொடங்கினார்கள். அந்த அறிவிப்பு கொடுத்தது திட்ட அனுமதி வழங்கும் அதிகார எல்லையை மட்டுமே. ஒரு மீட்டர் குழாய்கூட அதனோடு வரவில்லை.

தண்ணீர் உள்ளே வருவது பாதி விஷயம். வந்ததில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவாக வெளியேறும். நாம் எடுத்துக்கொண்ட 1,000 வீட்டுக் குடியிருப்பில் அது நாளொன்றுக்கு 4,30,000 லிட்டர். வெளியே சாக்கடை இல்லாத ஊரில் இத்தனையையும் வளாகத்துக்குள்ளேயே எஸ்.டி.பி. என்னும் சுத்திகரிப்பு நிலையம் கையாள வேண்டும். சுத்திகரித்த நீரைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பிவிட்டால் லாரிச் செலவு கணிசமாகக் குறையும். நன்றாக நடக்கும் வளாகங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் காற்றை ஊதும் மோட்டார் இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டும். மின்கட்டணம், தெரிந்த ஆபரேட்டர், அவ்வப்போது பரிசோதனை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதியைப் புதுப்பித்தல் என்று அது ஒரு சிறு தொழிற்சாலை. அதை நடத்தத் தெரியாத வீட்டு உரிமையாளர் அசோசியேஷன் கழிவுநீர் லாரியைக் கூப்பிடுகிறது. லாரி ராத்திரியில் எந்த ஏரிக்கரையில் போய்க் கொட்டுகிறது என்று உள்ளே இருப்பவர் கேட்பதில்லை. கொஞ்ச நாளில் அதே ஏரியின் நீர் நிலத்தடி வழியாக அவர்களுடைய ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்பி வருகிறது.

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர்கள் மாடல் ஹவுஸில் பத்து நிமிடம் போதும் என்று முடித்துக்கொண்டு, எஸ்.டி.பி. இருக்கும் மூலைக்குப் போய்ப் பாருங்கள். நாற்றம் அடிக்கிறதா, ஆபரேட்டர் இருக்கிறாரா, பதிவேடு எழுதுகிறாரா? மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டும் திட்டங்கள் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்அனுமதி பெற்றாக வேண்டும். தினசரித் தண்ணீர்த் தேவை எவ்வளவு, அது எங்கிருந்து வரும், எஸ்.டி.பி. எவ்வளவு கொள்ளும் என்று கட்டுமான நிறுவனமே எழுதிக் கொடுத்த தகவல்கள் அந்த ஆவணங்களில் இருக்கின்றன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் படிக்கலாம். பளபளக்கும் விளம்பரப் புத்தகத்தை விட அந்தக் காகிதங்கள் அதிகம் சொல்லும்.

அடுத்தது பணம். 90 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 72 லட்சம் கடன், 8.5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை சுமார் 62,500 ரூபாய். கடைசித் தவணை கட்டும்போது வங்கிக்குப் போயிருப்பது ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. இந்தக் கணக்கை எல்லோரும் போடுகிறார்கள். போடாத கணக்கு மெயின்டனன்ஸ். முதல் ஓரிரு ஆண்டுகளுக்கான பராமரிப்புத் தொகையை நிறுவனம் முன்கூட்டியே வாங்கிவிடுவது வழக்கம். வீடுகள் விற்று முடியும் வரை வளாகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதால் அந்தக் காலத்தில் குறை தெரியாது. நிர்வாகம் அசோசியேஷன் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான செலவு வெளியே வருகிறது. சதுர அடிக்கு மூன்று ரூபாய் என்று தொடங்கியது நான்கு, ஐந்து என்று ஏறும். மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டினால், ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேல் உள்ள சங்கங்களில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் சேரும். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடன் ஒரு நாள் தீரும்; மெயின்டனன்ஸ் தீராது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லிஃப்ட், ஜெனரேட்டர், பம்பு, தீயணைப்புக் குழாய், வெளிப்பூச்சு எல்லாம் ஒரே ஆண்டில் போட்டவை. ஆகவே பழுதாவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். அதற்கென்று சேர்த்து வைக்கும் கார்ப்பஸ் நிதி எவ்வளவு, யார் பெயரில் இருக்கிறது, நிறுவனத்திடமிருந்து அசோசியேஷன் கணக்குக்கு வந்துவிட்டதா என்று கேட்காமல் முன்பணம் கொடுப்பது ஆபத்து. முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டிப் போட்டவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் அதிகமாக உள்ள வளாகத்தில், பொதுச் செலவுக்குக் கை தூக்க ஆள் கிடைப்பதில்லை. வாடகைக்கு இருப்பவர் அக்கறையோடு இருந்தாலும் அவருக்கு ஓட்டு இல்லை. மாலை ஏழு மணிக்கு மேல் ஒருமுறை போய், எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் முன்பை விட நமக்குத் துணையாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் நிறுவனம் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. வசூலில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் போட வேண்டும். ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் நிறுவனம் தன் செலவில் சரி செய்து தர வேண்டும். சூப்பர் பில்ட்-அப் என்று மாடிப்படியையும் கிளப் ஹவுஸையும் சேர்த்துப் பெருக்கிக் காட்டும் அளவை நம்பாமல், சுவருக்குள் உள்ள கார்ப்பெட் பரப்பைக் கேட்கும் உரிமையும் இந்தச் சட்டம் தந்ததுதான்.

ஆனால் இந்தப் பாதுகாப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. பெரிய குடியிருப்பை ஃபேஸ் 1, ஃபேஸ் 2 என்று கட்டுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டம், தனிப் பதிவு. விளம்பரத்தில் கண்ட பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கடைவீதியும் மூன்றாம் கட்டத்தில் வருவதாக இருந்தால், முதல் கட்டத்தில் வீடு வாங்கியவரின் பதிவு ஆவணத்தில் அவை இருக்காது. அவை வராமல் போனாலும் கேள்வி கேட்க அவருக்குப் பிடிமானம் குறைவு. அதோடு, நிறுவனம் பத்து ஆண்டுகள் பக்கத்திலேயே புதிய வீடுகளை விற்றுக்கொண்டிருக்கும்போது, உங்கள் பழைய வீட்டை நல்ல விலைக்கு யார் வாங்குவார்கள்?

யு.டி.எஸ். என்று சொல்லப்படும் பிரிபடாத மனைப் பங்கையும் பார்த்தாக வேண்டும். மாடி உயர உயர ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் மண்ணின் பங்கு சுருங்கும். முப்பது ஆண்டுகளில் கட்டடம் தேயும், மண் மட்டும் மிஞ்சும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்கிறது. இருபது வீட்டுக் கட்டடத்தில் அந்தச் சம்மதம் கிடைத்துவிடும். 1,000 வீட்டு வளாகத்தில் எப்படிக் கிடைக்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

‘கேட்டட் கம்யூனிட்டி மனைகள்’ என்று விற்கப்படுபவற்றில் சிக்கல் வேறு. மனைப்பிரிவாக அனுமதி வாங்கினால் உள்ளே போடும் சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அது பொதுச் சாலை. அதன் வாசலில் கேட் போட்டு, ஊர்க்காரரைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. வாங்குகிறவர் எந்தக் கேட்டை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கிறாரோ, அந்தக் கேட்டே சட்டத்தில் நிற்காது என்பதைச் சொல்லி விற்பவர்கள் குறைவு.

நிலத்தின் வரலாற்றுக்கு வருவோம். 2015 டிசம்பர் 1 தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் முடிச்சூர், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை. பத்தாவது மாடிக்கு வெள்ளம் வராது என்று தைரியம் சொல்பவர்கள் உண்டு. ஆனால் மின்சாரப் பலகை, குடிநீர்த் தொட்டி, எஸ்.டி.பி. எல்லாம் பெரும்பாலும் தரைக்குக் கீழே இருக்கின்றன. அவை மூழ்கினால் பத்தாவது மாடியில் இருப்பவர் விளக்கும் தண்ணீரும் லிஃப்டும் இல்லாமல் மேலேயே சிறைப்பட வேண்டியதுதான். சர்க்கரை நோய் உள்ள தாயோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் அது எத்தனை பெரிய கொடுமை! பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரியாக இருப்பதால் நிலம் நல்ல நிலம் ஆகிவிடாது. கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் வாங்கி, ஓடையோ வாய்க்காலோ அந்த சர்வே எண்ணை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். அந்த ஊரில் ஐம்பது ஆண்டு வாழ்ந்த ஒரு பெரியவரிடம் கேட்டால், எந்த மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கையால் காட்டிவிடுவார். ஜூலை மாதத்து சைட் விசிட்டில் எல்லா நிலமும் மேடாகத்தான் தெரியும்.

இதே ஓ.எம்.ஆர். பக்கத்தில், வாங்கலாமா என்று யாரும் கேட்காமலே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்: நகரத்துக்குள் ஆற்றோரங்களிலும் கடலோரத்திலும் வாழ்ந்தவர்களுக்கு அரசு கட்டிய அடுக்குமாடிகள். அவையும் காகிதத்தில் திட்டமிட்ட குடியிருப்புகளே. வேலை பார்த்த இடத்திலிருந்தும் பிள்ளைகளின் பள்ளியிலிருந்தும் பல கிலோமீட்டர் தள்ளி இடம்பெயர்ந்த அந்தக் குடும்பங்களின் பெண்கள் பலர், மதிலுக்குள் இருக்கும் வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் வருகிறார்கள். பிரதான சாலையில் இறங்கி, கேட்டில் கைப்பையைத் திறந்து காட்டி, வெயிலில் உள்ளே நடக்கிறார்கள். மதிலுக்குள் இருப்பவரும் வெளியே இருப்பவரும் குடிப்பது ஒரே நிலத்தடி நீரை. மழையில் மூழ்குவது ஒரே தாழ்வு நிலத்தில். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதை அந்தப் பகுதியில் வீடு விற்பவர்கள் ‘பசுமைச் சூழல்’ என்று விளம்பரத்தில் போடலாம். வாங்குகிறவரோ, அந்தச் சதுப்பு நிலம் தேக்க வேண்டிய நீர் தன் வளாகம் வந்ததால் எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்க வேண்டும்.

அப்படியானால் யார் வாங்கலாம்? அங்கேயே அல்லது அருகிலேயே வேலை இருப்பவர், குறைந்தது பத்துப் பதினைந்து ஆண்டு இருக்கப்போகிறவர், கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேட்கப் பொறுமை உள்ளவர் வாங்கலாம். விலை ஏறும் என்பதற்காக மட்டும் வாங்குகிறவருக்கு என் ஆதரவு இல்லை. வாங்குவதானால் கட்டி முடித்து, நிறைவுச் சான்று பெற்று, அசோசியேஷன் கைக்கு மாறி நான்கைந்து ஆண்டு ஆன வீட்டைத் தேடுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கட்ட வேண்டிய ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. நிறைவுச் சான்றுக்குப் பின் விற்கப்படும் வீட்டுக்கு இல்லை. பூச்சில் விரிசலா, தண்ணீரில் உப்பா என்பதெல்லாம் அதற்குள் வெளியே வந்திருக்கும். அதற்கும் முன்னால், அதே வளாகத்தில் ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் வாடகைக்கு இருந்து பார்ப்பது மிக நல்லது. 62,500 ரூபாய் தவணை கேட்கும் வீட்டுக்கு 25,000 ரூபாய் வாடகை என்றால், அந்த ஓராண்டில் இழப்பு எதுவும் இல்லை.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. அனுமதி கொடுக்கும்போது தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டுக் கோப்பில் வைத்துக்கொள்வது போதாது. விற்பனை விளம்பரத்திலேயே அதைப் போட வைக்க வேண்டும். நிறுவனம் வளாகத்தை ஒப்படைக்கும்போது எஸ்.டி.பி., மின் அமைப்பு, தீயணைப்பு மூன்றையும் வெளிப் பொறியாளர் ஒருவர் சோதித்துத் தரும் அறிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். இன்று அசோசியேஷன் பொறுப்பை ஏற்பவர்கள் வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நல்லவர்கள். 4,30,000 லிட்டர் கழிவுநீரைக் கையாளும் நிலையத்தின் சாவியை ஒரு மாலைக் கூட்டத்தில் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவது நியாயம் இல்லை.

இவை நடக்கும் வரை, வீடு பார்க்கப் போகும் குடும்பம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விற்பனைப் பிரதிநிதியிடம் விடைபெற்ற பின், ஏற்கெனவே குடியேறிய கட்டத்தின் அசோசியேஷன் செயலாளரைப் பாருங்கள். கடந்த மூன்று ஆண்டு வரவு செலவு, லாரிக்குக் கொடுத்த தொகை, சந்தா பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் எண்ணிக்கை, நிறுவனத்தோடு வழக்கு ஏதும் நடக்கிறதா என்பவற்றைக் கேளுங்கள். பெரும்பாலும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்வார்கள். இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லையே என்ற ஆதங்கம் அவர்களுக்கு உண்டு. அசோசியேஷனே இன்னும் அமையவில்லை என்றாலோ, கணக்கைக் காட்ட முடியாது என்றாலோ, முன்பணக் காசோலையில் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.